ஓதாமல் உதிக்குமா?

“படித்துத்தான் எழுத வேண்டும் என்பது என்ன கட்டாயம்? எழுத்து என்பது இறைவன் அளிக்கும் கொடை அல்லவா? அது உள்ளத்தில் தானாக உதிக்க வேண்டும். பிறர் நூல்களைப் படிக்கப் படிக்க நம் சொந்தக் குரல் கெட்டுவிடும்.”

இப்படியொரு வாதம் நம் இளைஞரிடையே செல்வாக்குப் பெற்று வருகிறது. நூல் வெளியீட்டு மேடைகளில் இதைக் கேட்கிறேன். மதரஸாவின் திண்ணையில் கேட்கிறேன். கவிதை எழுதிய ஏட்டோடு என்னைக் காண வரும் பிள்ளைகளின் வாயிலும் கேட்கிறேன். சொல்பவர்கள் நல்ல பிள்ளைகள், ஆர்வம் உடையவர்கள். ஆனால், அவர்கள் சொல்லும் வாதம் நல்ல வாதம் அன்று. அது நம் மார்க்கத்தின் போதனைக்கு ஒவ்வாதது. நம் இலக்கிய வரலாற்றுக்கு மாறானது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை நம்பும் பிள்ளையின் திறமைக்கே குழி பறிப்பது. மேடைக்கு மேடை இதற்குக் கைதட்டல் கிடைப்பதால், இதை மறுத்து எழுதுவது ஓர் ஆசிரியனின் கடமை என்று கருதுகிறேன்.

முதலில், இந்த எண்ணம் எங்கே பிறந்தது என்று பார்ப்போம். இது புதிய எண்ணம் அன்று, மிகப் பழையது. அறியாமைக் காலத்து அரபியர், ஒவ்வொரு கவிஞனுக்கும் ஒரு ஜின் துணை உண்டு என்றும், கவிஞனின் நாவில் பாட்டை இடுவது அந்த ஜின்னே என்றும் நம்பினர். ஜின்கள் வாழும் இடமாக ‘அப்கர்’ என்றொரு பள்ளத்தாக்கைக் குறிப்பிட்டனர். இன்றும் அரபு மொழியில் மேதையை ‘அப்கரீ’ என்று அழைப்பது அந்தப் பழைய நம்பிக்கையின் எச்சமே. திருக்குர்ஆன் இறங்கியபோது மக்கத்துக் குறைஷிகள் கையில் எடுத்ததும் இந்த அளவுகோலைத்தான். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கவிஞர் என்றனர். ஜின் பிடித்தவர் என்றனர். வான்மறை அவ்விரண்டையும் மறுத்தது. அதே வான்மறை, ‘அஷ்ஷுஅரா’ என்னும் 26-ஆம் அத்தியாயத்தின் முடிவில், மனம் போன போக்கில் அலையும் கவிஞர்களைக் கண்டித்துவிட்டு, நம்பிக்கை கொண்டு நற்செயல் புரியும் கவிஞர்களுக்கு விலக்கு அளித்தது. எம்பெருமானாரின் பள்ளிவாசலிலேயே ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்கள் கவி பாட மேடை அமைத்துத் தரப்பட்டது. இஸ்லாம் கவிதையைக் காத்தது, ஜின்னை விரட்டியது.

விரட்டப்பட்ட அந்த ஜின்னை நாம் இப்போது வேறு பெயரில் வீட்டுக்குள் அழைத்து வைத்திருக்கிறோம். அதன் இன்றைய பெயர் ‘மூடு’. “ஏனப்பா எழுதவில்லை?” என்றால், “மூடு வரவில்லை உஸ்தாது” என்கிறான். “ஏதாவது படிக்கலாமே?” என்றால், “அதற்கும் மூடு வரவில்லை” என்கிறான். பெயர்தான் மாறியிருக்கிறது. உழைப்பைத் தன் தோளிலிருந்து இறக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் தோளில் ஏற்றும் வேலை அப்படியே இருக்கிறது.

இங்கே சிலர் பெரிய சான்று ஒன்றைக் கொண்டு வருவர். “எம்பெருமானார் எழுதப் படிக்க அறியாத உம்மி நபி அல்லவா? அவர்களுக்கு எல்லாம் இறைவனிடமிருந்தே வரவில்லையா?” என்பர். இதைச் சொல்வோர், தாம் எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் எந்த நூலையும் ஓதாதிருந்தது, வேதத்தை முன்னோர் ஏடுகளிலிருந்து பெயர்த்தார் என்று எவரும் வாய் திறவாதிருக்க இறைவன் அமைத்த சான்று. அது அவர்களுக்கே உரிய தனிச் சிறப்பு. நாம் பின்பற்ற வேண்டிய சுன்னத்து அன்று. பின்பற்ற வேண்டியது அவர்கள் நமக்காகச் செய்தவற்றை. ஹிராக் குகையில் அவர்களுக்கு இறங்கிய முதற் சொல் ‘இக்ரஃ’. அதைத் தொடர்ந்த வசனங்களிலேயே எழுதுகோல் குறிப்பிடப்படுகிறது. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் நடந்த பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள், மீட்புப் பணம் கொடுக்க வழியில்லாமல் எழுத மட்டும் தெரிந்திருந்தவர்களை, மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்று ஏற்றார்கள் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். ஸைது இப்னு தாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அந்த இளைஞர் சில நாட்களிலேயே கற்றுத் தேர்ந்தார். பின்னாளில் திருமறையை ஒன்றுதிரட்டும் பெரும் பணி அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. உம்மி நபியின் சமுதாயம் உம்மியாகவே இருக்க வேண்டும் என்று பெருமானார் விரும்பியிருந்தால் இவையெல்லாம் எதற்காக?

வஹீ வேறு; இல்ஹாம் என்னும் உள்ளுதிப்பு வேறு. வஹீயின் வாசல் மூடப்பட்டுவிட்டது. உள்ளுதிப்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பவன் நம் பெரியோர்களின் வாழ்வை அறியாதவன். ஆனால் அதற்கு நம் அறிஞர்கள் அளித்த இடம் எது? மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் நஸஃபீ இமாமின் அகாயித் நூல், அறிவு பெறும் வழிகள் மூன்று என்று வகுக்கிறது: நலமான புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. ஒரு பொருளை உறுதிப்படுத்தும் வழிகளின் பட்டியலில் இல்ஹாமை அது சேர்க்கவில்லை. கொள்கை நூலே இத்துணை எச்சரிக்கையாக இருக்கும்போது, இருபது வயதுப் பிள்ளை தன் உள்ளத்தில் தோன்றிய எதையும் அப்படியே அச்சேற்றத் துணிவது எப்படி?

“அப்படியானால் புர்தா எப்படிப் பிறந்தது? கனவில் அல்லவா பிறந்தது?” என்று கேட்பர். நம் இல்லங்களில் பக்தியோடு ஓதப்படும் கஸீதத்துல் புர்தாவைப் பற்றிய வரலாற்றைப் பலரும் தலைகீழாகவே சொல்லி வருகின்றனர். இமாம் பூஸிரீ (ரஹ்) அவர்கள் 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்தவர்கள். எழுத்துப் பணியால் பிழைத்தவர்கள். பெருமானார் மீது அதற்கு முன்பே பல கவிகள் யாத்தவர்கள். பக்கவாதத்தால் உடலின் ஒரு பாதி செயலிழந்தபோது அந்தக் கஸீதாவை இயற்றினார்கள், அதைத் திரும்பத் திரும்ப ஓதி அழுதார்கள், பிறகே உறங்கினார்கள். அந்த உறக்கத்தில்தான் பெருமானார் தோன்றித் தம் போர்வையைப் போர்த்தினார்கள் என்பதும், விழித்தபோது நோய் நீங்கியிருந்தது என்பதும் வரலாறு. முறையைக் கவனியுங்கள். முதலில் பல்லாண்டுப் பயிற்சி, அடுத்துப் பாட்டு, அதன் பின்னரே கனவு. கனவு கவிதையைத் தரவில்லை. எழுதி முடித்த கவிதைக்குக் கிடைத்த பரிசு அது.

நம் உமறுப் புலவரின் வரலாறும் இதற்குச் சான்று. சீறாப்புராணம் பாட விரும்பிய உமறு, பெருமானாரின் வரலாற்றைத் தமக்கு உரைத்தருளுமாறு சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களிடம் வேண்டினார் என்றும், முதலில் மறுக்கப்பட்டார் என்றும், மனமுடைந்து உறங்கியபோது பெருமானார் கனவில் தோன்றி அருளினார்கள் என்றும், அதன்பின் அப்பா அவர்கள் இசைந்தார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இந்தச் செய்தியை மேடையில் உருக்கமாகச் சொல்லும் நம் பேச்சாளர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தக் கனவில் உமறுவுக்குக் கிடைத்தது பாட்டு அன்று. பாடம் கேட்பதற்கான அனுமதி. கனவு கண்ட பிறகும் அவர் அரபு நூல்களின் செய்திகளை ஆலிம்கள் வாயிலாக உரை கேட்டறிந்தே பாட வேண்டியிருந்தது. அதற்கும் முன்னரே எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றுத் தேர்ந்திருந்தார். கம்பர் காட்டிய வழியில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்து, அரபு நாட்டிலே தமிழ் நாட்டின் ஆறும் வயலும் தோன்றப் பாடினார். ஒரு பக்கம் அரபுக் கல்வி, மறுபக்கம் தமிழ்க் கல்வி. இரண்டும் கூடிய இடத்தில்தான் 5027 பாடல்கள் பிறந்தன. கம்பரைப் படித்ததனால் உமறுவின் குரல் கெட்டதா? கெட்டிருந்தால் மூன்று நூற்றாண்டுக்குப் பிறகும் நாம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்போமா?

குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களையும் இந்த வாதத்துக்குத் துணைக்கு இழுப்பதுண்டு. அவர்கள் மெய்ம்மறந்து பாடியவர்கள் அல்லவா என்பர். மெய்ம்மறந்து பாடியவர்கள்தாம். ஆனால் துறவு பூணும் முன் கீழக்கரையில் தைக்கா சாகிபு அவர்களிடம் மாணவராக அமர்ந்து மார்க்கக் கல்வி பயின்றவர்கள். தாயுமானவர் பாடிய பராபரக்கண்ணியின் பெயராலேயே அவர்களும் ஒரு பராபரக்கண்ணி பாடியுள்ளார்கள். அகத்தீசன் சதகம் என்று சதக நூலும் இயற்றியுள்ளார்கள். கண்ணி என்றால் என்ன, சதகம் என்றால் என்ன என்று அறியாதவர் வாயில் அவை தாமாக வருமா? தம்மையே மறந்த நிலையிலும் அவர்கள் யாப்பை மறக்கவில்லை. தம்மை ஒரு கணமும் மறவாத நம் பிள்ளைகளோ யாப்பு என்றால் என்னவென்றே கேட்கிறார்கள்!

இனி, படித்தால் சொந்தக் குரல் கெடும் என்னும் அச்சத்துக்கு வருகிறேன். இது உண்மையான அச்சமாகத் தோன்றுவதால் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். அப்பாஸியர் காலத்துக் கவிஞர் அபூ நுவாஸின் வாழ்க்கை நமக்கு முன்மாதிரி அன்று. ஆயினும் அவர் கற்ற முறை கேட்கத் தக்கது. கவி பாட அனுமதி வேண்டித் தம் ஆசிரியர் கலஃபுல் அஹ்மரிடம் அவர் சென்றபோது, முன்னோர் பாடல்கள் ஆயிரத்தை மனனம் செய்யும் வரை அனுமதி இல்லை என்றாராம் ஆசிரியர். மனனம் செய்து ஒப்பித்த பிறகும் அனுமதி கிடைக்கவில்லை. அவை அனைத்தையும் மறந்துவிட்டு வா என்பது அடுத்த கட்டளை. மறந்து வந்த பிறகே பாடச் சொன்னாராம். 1377-இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூனும் இதையே விதியாகச் சொல்கிறார்: நல்ல கவிகளை நிறைய மனனம் செய்ய வேண்டும், பின் அவற்றின் சொற்கள் மறந்துபோக வேண்டும், அப்போது அவற்றின் வார்ப்பு மட்டும் உள்ளத்தில் தங்கும், அந்த வார்ப்பிலிருந்தே புதியது பிறக்கும். மறக்க வேண்டும் என்பது சரி. ஆனால் மறப்பதற்கு முதலில் ஏதேனும் உள்ளே இருக்க வேண்டும் அல்லவா? நம் பிள்ளைகள் முதற் படியில் கால் வையாமலே இரண்டாம் படியில் நிற்பதாக எண்ணுகிறார்கள்.

படிக்காதவனுக்கே சொந்தக் குரல் உண்டு என்பது உண்மைக்கு நேர்மாறானது. ஓர் இளைஞன் நாற்பது கவிதைகள் எழுதிய ஏட்டை என்னிடம் கொண்டு வந்தான். எவருடைய நூலையும் தான் படித்ததில்லை என்பதைப் பெருமையாகச் சொன்னான். ஏட்டைப் புரட்டினேன். பாதிக்கு மேல் நிலவு. எஞ்சியதில் மழையும் மௌனமும். வரிக்கு வரி திரைப்படப் பாடலின் சாயல், சுவரொட்டியின் சாயல், கைப்பேசியில் காலையும் மாலையும் வந்து குவியும் வாழ்த்துச் செய்திகளின் சாயல். பாவம், அவன் எவரையும் பார்த்து எழுதவில்லை, அது உண்மை. காற்றில் மிதந்து வந்து காதில் விழுந்ததெல்லாம் அவனை அறியாமலே அவன் கையில் இறங்கிவிட்டது. படித்தவன் தான் யாரிடம் கடன் வாங்கினோம் என்று அறிவான். அதனால் கடனைத் திருப்பிச் செலுத்தித் தன் முதலில் வாணிகம் செய்யவும் அறிவான். படிக்காதவனும் கடன்காரனே. ஆனால் கடன்பட்டதே அவனுக்குத் தெரியாது. கொடுத்தவன் முகமும் தெரியாது.

அந்தப் பிள்ளைக்கு நான் ஸுஹைரைப் பற்றிச் சொன்னேன். முஅல்லகாத் கவிஞர்களுள் ஒருவரான ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மா ஒரு கஸீதாவை இயற்றித் திருத்தி வெளியிட ஓராண்டு எடுத்துக்கொண்டார் என்பர்; அதனால் அவருடைய கஸீதாக்களுக்கு ‘ஹவ்லிய்யாத்’, அதாவது ஆண்டுக் கவிகள், என்றே பெயர். ஜின் பாட்டைத் தரும் என்று நம்பிய அந்தக் காலத்திலேயே சிறந்த கவிஞர் ஜின்னை நம்பி இருக்கவில்லை. தம் செவியையும் எழுத்தாணி போன்ற நாவையும் நம்பினார். அவர் மகன் கஅப் (ரலி) அவர்களே பெருமானார் முன்னிலையில் கவி பாடி அவர்களின் போர்வையைப் பரிசாகப் பெற்றவர். அந்தப் போர்வைக்குப் பின்னால் ஒரு தந்தையின் ஓராண்டு உழைப்பு என்னும் பழக்கம் இருந்தது.

இன்று இன்னொரு வாதமும் எழுந்துள்ளது. கேட்ட மாத்திரத்தில் கவிதையும் கட்டுரையும் எழுதித் தரும் கணினிப் பொறிகள் வந்துவிட்டனவே, இனி எதற்குப் படிப்பு என்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பொறி எப்படி எழுதக் கற்றது என்று கேட்டறிந்தார்களா? மனிதர்கள் எழுதிவைத்த எண்ணிறந்த பக்கங்களை அதற்கு ஊட்டிய பிறகே அது ஒரு வரி எழுதிற்று. உயிரற்ற பொறிக்கே ஓதாமல் உதிக்கவில்லை! பொறி படிக்கிறது, மனிதன் படிக்க மறுக்கிறான் என்றால், நாளை யார் யாருக்கு மாணவர் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பிள்ளைகளை மட்டும் குறை கூறிப் பெரியவர்களை விட்டுவிடுவது நீதி ஆகாது. படிக்கும் பழக்கத்தை அவர்களுக்குக் காட்டாதவர்கள் யார்? என்னைப் போன்ற உஸ்தாதுமார்களில் ஒரு சாரார், அரபு ஓதும் மாணவனுக்குத் தமிழ் இலக்கியம் வீண் வேலை என்று இன்றும் சொல்கின்றனர். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்கள், இளமையில் ஹுதைல் குலத்தாரிடையே தங்கி அவர்களுடைய கவிகளை மனனம் செய்தார்கள் என்பதையும், மொழியறிஞர் அஸ்மயீ அந்தக் கவிகளை அவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார் என்பதையும் நீங்கள் ஓதியதில்லையா? இலக்கணத்தையே ஆயிரம் பாவாக யாத்த இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யாவை நீங்கள் மனனம் செய்யவில்லையா? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள், 1898-இல் மறையும் வரை, அரபிலும் அரபுத் தமிழிலும் நூல்களை எழுதிக் குவித்தது எந்த மக்களுக்காக? தமிழ் படிக்காத ஆலிமின் பயானில் கருத்து இருக்கும். கேட்பவரின் நெஞ்சில் அது தங்காது. மிம்பரின் கீழ் அமர்ந்திருப்போர் கொட்டாவி விடுவது ஈமான் குறைவால் மட்டும் அன்று, சொல் வறுமையாலும்தான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். ஒரு காலத்தில் நம் இல்லங்களில் சீறா ஓதப்பட்டது. நூறு மசாலாவும் கிஸ்ஸாவும் நாமாவும் முனாஜாத்தும் பெண்களின் நாவில் இருந்தன. பாட்டிமார் அரபுத் தமிழ் ஏடுகளைச் சரளமாக வாசித்தனர். அந்த ஏடுகள் பல வீடுகளில் இன்னும் தகரப் பெட்டியில் கிடக்கின்றன; பேரப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது; கரையானுக்கு மட்டும் தெரிகிறது. நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் வீடு அவர்களுக்குப் படிக்கும் இடமாக இருந்தது. 1938-இல் அவர்கள் எழுதி வெளியிட்ட ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலுக்கு உ.வே. சாமிநாதையரே மதிப்புரை வழங்கினார். அன்று மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் எட்டிய இடத்தைப் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் எட்டவில்லை என்றால், குறை பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லை. வீட்டில் பாத்திரங்கள் அடுக்க அலமாரி இருக்கிறது. புத்தகம் வைக்க ஒரு தட்டு உண்டா?

ஆகவே நான் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். வீட்டில், இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கட்டும். கைப்பேசிகள் அதுவரை வேறு அறையில் உறங்கட்டும். மதரஸாவில், வாரம் ஒரு பாடவேளையாவது சீறாப்புராணத்துக்கு ஒதுக்கப்படட்டும். பொருள் சொல்ல ஒரு தமிழாசிரியரை அழைப்பதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. எழுத விரும்பும் பிள்ளை, ஒரு பக்கம் எழுதும் முன் நூறு பக்கம் படிக்கட்டும். எழுதியதை உடனே அச்சுக்கு அனுப்பாமல் ஒரு மாதமாவது வைத்திருந்து திருத்தட்டும். ஸுஹைரின் ஓராண்டை நான் கேட்கவில்லை. ஒரு மாதம் கேட்கிறேன்.

மழை எல்லா நிலத்திலும்தான் பெய்கிறது. உழுது வரப்பு கட்டிய நிலத்தில் அது நெல்லாகிறது. கட்டாந்தரையில் வழிந்தோடிக் கடலில் கலக்கிறது. உள்ளுதிப்பும் இறைவனின் மழைதான். அது எப்போது பெய்யும் என்பது நம் கையில் இல்லை. உழுது வைப்பது நம் கையில் இருக்கிறது. ‘இக்ரஃ’ என்ற சொல்லை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுவதோடு கடமை முடிந்தது என்று கருதும் சமுதாயத்துக்கு எந்த மழையும் பயன் தராது. அது சுவருக்கு இடப்பட்ட கட்டளை அன்று. நமக்கு இடப்பட்ட கட்டளை. ஓதுவோம், ஓதியதை உள்ளத்தில் ஊற வைப்போம். உதிக்க வேண்டியதை உதிக்கச் செய்ய வல்ல அல்லாஹ் போதுமானவன்.